ஒரு தட்டுக்கு நிற்காமல் போன வேன்காரன்

கல்நெஞ்சக்காரனாம். பெற்ற பெண் வாசற்கதவைத் தட்டுகிறாளாம், தெருவே எட்டிப் பார்க்கிறதாம், அவன் மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பிக்கூடப் பார்க்காமல் போனானாம். மாடிவீட்டுக்காரி இன்றைக்கும் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். துடைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் அதோடு நிறுத்துகிறாளா? அன்றைக்கு அவன் குடித்துவிட்டுத்தான் வண்டி ஓட்டினான் என்கிறாள். யார் ஊற்றிக் கொடுத்தது, இவளா? டீயில் சர்க்கரை கூடிவிட்டாலே தலை சுற்றுகிறது என்கிற மனுஷன் அவன். எதிர்வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள், அவனுக்கு வேறு ஊரில் ஒரு குடும்பம் இருந்தது, அங்கேதான் போய்விட்டான் என்கிறாள். இருந்த ஒரு குடும்பத்தைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகவே அவனுக்கு அத்தனை வருஷம் பிடித்தது. இதில் இன்னொன்று வேறா?

இதெல்லாம் வாய் அரிப்பு. எல்லாரும் சேர்ந்து நம்புவது வேறு. காது கேட்காதவன், அதை மறைத்து வண்டி ஓட்டி, பெற்ற பிள்ளையைக் கொன்றுவிட்டான் என்பது. அதைத் தெருவில் யாரும் கட்டிவிடவில்லை. அவனேதான் சொன்னான். போலீஸிடம் சொன்னான், கட்டியவளிடம் சொன்னான், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். அது பொய். ஓடுகிற எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், பின்சக்கரத்தில் சிக்கிய சின்னக் கல் எந்தப் பக்கத்துச் சக்கரத்தில் என்று சொல்கிற காது அது.

இத்தனை நாள் இதைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இப்போது அந்தப் பெண்ணே வளர்ந்து, கல்யாணமாகி, தன் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருகிறாள். "இனிமே சொல்லுங்க, எங்கப்பாவை யாரும் திட்ட வேணாம்" என்று, எல்லாம் தெரிந்துகொண்டு அவளே சொன்ன பிறகு மூடி வைக்க என்ன இருக்கிறது?

அவன் வாடகை வேன் ஓட்டியவன். வேனும் அவனுடையதல்ல, முதலாளியுடையது. யார் யார் வீட்டுக் குழந்தைகளையோ மலைக்கும் கடலுக்கும் கூட்டிக்கொண்டு போவான். அவர்கள் மணலில் புரண்டு எழுந்து வருகிற வரைக்கும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வந்தால் சட்டைப் பையில் அந்தக் குழந்தைகள் கொடுத்த சிப்பி இருக்கும். அதைக் காட்டித்தான் தன் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்வான்.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. வேனுக்குள் ஆளும் மூட்டையும் நிறைந்துவிட்டால் டிரைவருக்குப் பின்னால் எதுவும் தெரியாது. கீழே நிற்கிற கிளீனர் வண்டியின் உடம்பில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் எடு. அவ்வளவுதான் பேச்சு. இரண்டு தட்டு கேட்ட பிறகு டிரைவர் தலையை நீட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தட்டினவனை நம்பவில்லை என்று அர்த்தம். கிளீனர்கள் அதற்காகவே கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். அவனும் கிளீனராக இருந்து டிரைவர் ஆனவன்தான். ஒரு தட்டுக்கு நிற்காமல் போனதும் இல்லை, இரண்டு தட்டுக்குப் பிறகு திரும்பிப் பார்த்ததும் இல்லை. காதுக்கும் காலுக்கும் நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது அவனுக்கு.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சவாரி குறைந்திருந்தது. முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார்போல. "நாலு நாள் சும்மா நிக்கிற வண்டிதானே, உன் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாய்யா" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வீட்டில் அவன், அவன் மனைவி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், இன்னும் பள்ளிக்கூடம் போகாத பையன். பெண்ணை வீட்டில் பாப்பா என்பார்கள். பையனைக் குண்டன் என்பார்கள். உண்மையில் அவன் ஒல்லி. சாப்பாட்டைக் கண்டால் ஓடுகிறவனுக்கு அப்படி ஒரு பெயர்.

கடலுக்குப் போய்ச் சேர இரண்டு நாள் ஓட வேண்டும். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே குண்டன் ஆரம்பித்துவிட்டான். சாலையோரம் ஒரு குட்டை தெரிந்தது.

"அப்பா, இது கடலா?"

"இல்லடா. இது கடலோட கொள்ளுப்பேத்தி."

பின்னாலிருந்து அவன் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கொள்ளுப்பேத்தியே இந்த நாத்தம் அடிக்கிறா. கிழவி எப்படி இருப்பாளோ!"

அவளுக்கு வண்டியில் போனால் ஒத்துக்கொள்ளாது. வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டவளுக்கு அப்படி ஒரு வயிறு. வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி இறங்கினாள். இறங்கி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் குலுங்காம கூட்டிட்டுப் போவாராம். கட்டினவளை மட்டும் குடலே வெளிய வர்ற மாதிரி ஓட்டுறாரு" என்றாள்.

"அவங்கல்லாம் பின்னாடி உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே வர மாட்டாங்க. அதான் வண்டி குலுங்கறதில்ல."

பாப்பா சிரித்த சிரிப்பில் குண்டனும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான். அவன் கையில் குளியலறையில் இருக்கிற சிவப்பு மக். அம்மா மூட்டை கட்டும்போது இரண்டு தடவை பிடுங்கி வைத்தும் எப்படியோ திருடிக்கொண்டு வந்துவிட்டான்.

"டேய், அதை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?"

"கடலை மொண்டுட்டு வரணும்."

"மொண்டுட்டு வந்து?"

"மாடிவீட்டு அத்தைக்குக் காட்டணும்."

அந்த அத்தைதான் இப்போது குடித்திருந்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இருக்கட்டும்.

பாப்பாவுக்குச் சும்மா உட்கார்ந்து வரப் பிடிக்கவில்லை. "எனக்கு என்ன வேலைப்பா?" என்று நச்சரித்தாள். அவன் விளையாட்டாகச் சொன்னான்: "நீதான் கிளீனர். எல்லாரையும் ஏத்திவிட்டு, பின்னாடி வண்டி எதுவும் வருதான்னு பாத்துட்டு, என் பக்கமா நின்னு தட்டணும். ஒண்ணு தட்டினா நில்லு. ரெண்டு தட்டினா எடு. என் காதுக்குப் பக்கத்துல இருக்கணும், தெரியுதா?"

முதல் நாள் முழுக்க அவள் தட்டினாள். அவனும் முதல் நாள் முழுக்க, தட்டுக் கேட்ட பிறகும், இரண்டு பக்கத்துக் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தான். என்ன இருந்தாலும் குழந்தை. ஆனால் அவள் ஒரு தடவைகூடத் தப்பாகத் தட்டவில்லை. அம்மா பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கும்போது ஒரு தட்டு தட்டி வண்டியை நிறுத்தி வைத்தாள். குண்டன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினபோது ஒரு தட்டு. அவனோடு வேலை செய்த பெரிய கிளீனர்களே இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. "முதலாளிகிட்ட சொல்லி உன்னையே வேலைக்கு வெச்சிக்கச் சொல்றேன்" என்றான். அவள் உண்மையிலேயே நம்பினாள்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு நிற்காமல் ஓட்டினால் அடுத்த நிறுத்தம் கடல்தான். காற்றில் உப்பு வாசனை வருவதாகக்கூட அவன் சொன்னான். மனைவி வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பின்சீட்டில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும். பாப்பா தம்பியை ஏற்றி உட்கார வைத்தாள். அப்பா உட்கார்ந்திருக்கிற பக்கத்து மூலையில் வந்து நின்றாள். பின்னால் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை. இரண்டு தட்டு தட்டினாள்.

மறுபக்கத்துக் கதவு திறந்தே இருந்தது. குண்டனின் மக் கீழே விழுந்து பின்பக்கமாக உருண்டு போயிருந்தது. அதை எடுக்க அவன் இறங்கிவிட்டான்.

இரண்டு தட்டு கேட்டது. அப்பா கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்கத் தப்பாமல் தட்டினவளை, எல்லாக் கிளீனரையும் நம்பின மாதிரி நம்பினான். கால் தானாக எடுத்தது.

அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் வேண்டாம். மக் உடையவில்லை. அதை மட்டும் சொல்லலாம்.

தப்பு அவனுடையதுதான். அதை அவன் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஏழு வயதுப் பெண்ணைத் தட்டச் சொன்னது அவன், பார்க்காமல் எடுத்ததும் அவன். ஆனால் கீழே இறங்கிப் பையனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பாப்பா அங்கேயே நின்றாள். தட்டின கையை இன்னும் இறக்கவில்லை.

"நான் ரெண்டு தட்டினேன்ப்பா" என்றாள். "நான் தட்டினதாலதானே எடுத்தே?"

அவனுக்கு அழக்கூட நேரமில்லை. அந்த முகத்தைப் பார்த்தான். ஒரு பிள்ளை போய்விட்டது. இன்னொன்று கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"நீ தட்டினியா?" என்றான். "எனக்குக் கேக்கவே இல்லையேம்மா. நானாதான் எடுத்தேன்."

"பலமாத்தான் தட்டினேன்."

"இந்தப் பக்கத்துக் காது கொஞ்ச நாளாவே சரியில்லடா. யார்கிட்டயும் சொல்லல."

அப்போது அவன் மனைவி வண்டியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். பங்கில் இருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். எல்லார் காதிலும் அது விழுந்தது. ஒரு தடவை சொன்னதை அதற்குப் பிறகு மாற்ற முடியாமல் போயிற்று.

கடலைப் பார்க்காமலே திரும்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பாப்பா கேட்டாள்: "அந்தக் காதுதானே கேக்கல? இன்னொரு காதுக்குக் கேட்டிருக்குமே?" அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு காதும் கேட்காமல் போயிற்று.

காதுப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். தலையில் ஒன்றை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். சத்தம் நன்றாகவே கேட்டது. கையைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லைசென்ஸ் போயிற்று. முதலாளி நேரில் வந்து, "காது போனதைச் சொல்லாம என் வண்டியை எடுத்தியேய்யா" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவன் ஒரு மரக்கடையில் பலகை தூக்கினான். மாலையில் பஞ்சர் கடையில் வந்து உட்காருவான். பஞ்சர்காரர் ஒருவரிடம் மட்டும்தான் அவன் நடந்ததைச் சொன்னது. இன்றைக்கு இந்தக் கதை தெரிகிறதென்றால் அவரால்தான்.

செவிடனாக இருப்பது லேசில்லை. பின்னால் யாராவது பாத்திரத்தைப் போட்டால் தோள் அசையக் கூடாது. பால்காரர் மணி அடித்தால் எழுந்திருக்கக் கூடாது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. செவிடன் என்று ஆகிவிட்டால் அவன் முன்னாலேயே எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். மாடிவீட்டுக்காரி அவன் பக்கத்தில் நின்றுகொண்டே எதிர்வீட்டுக்காரியிடம், "அன்னிக்குக் குடிச்சிருக்கான்டி. மூஞ்சியைப் பாத்தாலே தெரியல? காது மட்டும்தான் காரணமாக்கும்!" என்பாள். அப்புறம் அவன் பக்கம் திரும்பி, கையை ஆட்டி, உரக்க, "சாப்டீங்களாண்ணே?" என்பாள். அவனும் தலையை ஆட்டுவான்.

மாடிவீட்டுக்காரி பேசினதைத் தாங்கிக்கொண்டான். ஒரு நாள் துவைத்த போர்வையை அவன் மடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அதே அறையில் உட்கார்ந்து தன் அக்காவிடம் போனில் பேசினாள். "தினமும் அந்த முகத்துல முழிக்க முடியலக்கா. காது கேக்கலன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஏத்தியிருப்பேனா புள்ளைங்களை? அன்னிக்கு அவருக்கு ஏதாவது ஆகியிருக்கக் கூடாதா?" அவன் போர்வையின் நுனியோடு நுனியைச் சேர்த்து, இன்னொரு மடிப்பு மடித்தான். அவளைக் குறை சொல்ல முடியுமா? அவளும் பெற்றவள். அந்த வீட்டில் யாரும் அந்தச் சிவப்பு மக்கைத் தொடவில்லை. சமையல் பாத்திரத்தால் மொண்டுதான் குளித்தார்கள். அதை எடுத்து உள்ளே வைக்கவும் அவளால் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை.

பாப்பா அப்பாவைச் சோதித்துக்கொண்டே இருந்தாள். அவன் சாப்பிடும்போது பின்சுவரில் இரண்டு தட்டு. அவன் முகம் கழுவும்போது கதவில் இரண்டு தட்டு. அவன் திரும்ப மாட்டான். திரும்பாத ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வரும். அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவள் சிரிப்பு திரும்பி வந்துவிடும் என்றுகூட அவன் நம்ப ஆரம்பித்தான்.

ஒரு விடுமுறை நாள் காலையில், பின்பக்கத்து ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தான். சமையலறையில் பாப்பா முக்காலியில் ஏறி மேல் தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாவை எட்டினாள். அந்த முக்காலிக்கு ஒரு கால் ஆட்டம். அது கிறீச்சென்ற சத்தம் கேட்டதுதான் தெரியும். முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிப்போய், விழுந்தவளைத் தரையில் படாமல் பிடித்துவிட்டான்.

அவன் கையில் இருந்தபடியே கேட்டாள்: "எப்படிப்பா தெரிஞ்சுது?"

வாயைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவன் போல ஒரு கணம் விட்டுச் சொன்னான்: "கண்ணாடில பாத்தேன்."

மத்தியானம் அவன் தூங்குவதாக நினைத்துக்கொண்டு, பாப்பா அதே முக்காலியை ஜன்னலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். ஏறி நின்று கண்ணாடியில் பார்த்தாள். அப்பா உயரத்துக்கு வரவேண்டும் என்று நுனிக்காலில் நின்றாள். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணாடியில் பின்சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் தெரியும். அவன் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவள் தட்டுவதை விட்டுவிட்டாள். ஒரு சாயங்காலம் அவன் அறையில் தரையில் உட்கார்ந்து அவளுடைய பள்ளிப் பையின் அறுந்த பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் பின்னால் வந்து நின்றாள். மூச்சுக் காற்று கழுத்தில் படுகிற தூரம். ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அப்பா. நான்தான் தம்பியைக் கொன்னேன்."

அவன் திரும்பவில்லை.

ஊசி விரலில் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கவும் இல்லை. பிடுங்கினால் கை அசையும், கை அசைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு நேரே பஞ்சர் கடைக்குப் போனான். வாளித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தவர், பையில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உன் சம்சாரத்துகிட்டயாவது சொல்லித் தொலையேன்யா" என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"அவ பெத்தவண்ணே. தெரிஞ்சா, அவளே அறியாம ஒரு நாள், என்னைப் பாக்கற அந்தக் கண்ணால பாப்பாவைப் பாத்துடுவா. ஒரே ஒரு நாள் பாத்தாலும் போச்சு."

"அப்போ பாப்பாகிட்ட சொல்லு. கேட்டுச்சு, ஆனா பாக்காம எடுத்தது என் தப்புதான்னு சொல்லு."

"அவளுக்கு ஏழு வயசுண்ணே. கேட்டுச்சுங்கற வரைக்கும்தான் காதுல விழும்."

பஞ்சர்காரர் ஒரு பழைய துணியைக் கிழித்து அவன் விரலில் சுற்றினார். அவன்தான் மறுபடி பேசினான். "இன்னொரு தடவை அவ அப்படிச் சொன்னா நான் திரும்பிடுவேண்ணே. என்னால முடியாது. பெத்த பொண்ணு அழுதா கேக்காத மாதிரி எத்தனை நாள் இருக்கறது? தூரத்துல இருந்தா நெசமாவே கேக்காது."

சரியா தப்பா என்று கேட்டால் சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பாகவே இருக்கட்டும். ஆனால் கல்நெஞ்சு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாரமே தூரத்தில் ஒரு ஊரில் குடோன் வேலை தேடிக்கொண்டான். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு வந்து மனைவியிடம் சொன்னான். மாதாமாதம் பணம் வந்துவிடும், பாப்பாவைப் படிக்கவை என்றான். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, அவனுக்குக் கேட்காது என்று நினைத்து, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "போறாராம். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்கூட உக்காந்து அழுதிருக்கலாம்." அது அவனுக்குக் கேட்டது. கேட்ட பிறகும் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

பாப்பா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில். அவன் அவள் தலையைத் தடவினான். தைத்த பையை அவள் தோளில் மாட்டிவிட்டான். "அப்பா வேலைக்குப் போறேன்" என்றான். அவள் அவன் வாயையே பார்த்தாள்.

வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினான். நாலு வீடு தாண்டியிருப்பான்.

பின்னால் கதவில் ஒரு தட்டு.

ஒன்றுதான். இரண்டாவது வரவில்லை.

காது கேட்டதும் கால் நிற்கத்தான் பார்த்தது. அந்தக் காலுக்கு வேறு எதுவும் தெரியாது. அவன் அதை இழுத்து முன்னால் வைத்தான். அடுத்த காலை இழுத்து அதற்கு முன்னால் வைத்தான்.

மறுபடியும் ஒரு தட்டு. இந்தத் தடவை ஷூவால் அடித்திருக்க வேண்டும், அவ்வளவு பலம். மாடி ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "ஏய், நில்லுய்யா! பொண்ணு கூப்பிடுறா பாரு!" என்று மாடிவீட்டுக்காரி கத்தினாள். பிறகு அவளே, "ஹும், அந்தச் செவிட்டுக்கு எங்க கேக்கப்போவுது" என்றாள். அது பாப்பாவுக்கும் கேட்டிருக்கும். கேட்டு அவள் முகம் எப்படி மாறிற்று, மாறிற்றா இல்லையா, எதுவும் அவனுக்குத் தெரியாது. திரும்பினால்தானே தெரியும்.

மூன்றாவது தட்டு வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்தான். வரவில்லை. அவன் முனையில் திரும்பிப் பெரிய சாலைக்குப் போய்விட்டான்.